கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி: வெள்ளவத்தைத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, "மகனைக் கொம்பியூட்டர் படி என்றால் பீங்கான் படிக்கப் போகிறானாம், கடைசியில் ஹொரணைப் பக்கம் டைல்ஸ் ஃபக்டரியிலா வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பொறியியலாளர் வேலை ஒன்றும் குறைந்ததல்ல. ஆனால் உங்கள் மகன் தம்பி ஆசைப்படுவது அதை அல்ல, புதுக் கண்ணாடி, பீங்கான்களை ஆராய்வதை.

பல் வைத்தியர்கள் இப்போது போடும் வெள்ளைப் பல்லுறைகளில் பல சிர்கோனியா என்ற பீங்கானால் ஆனவை. உங்கள் போன் திரையை உருகிய பொற்றாசியம் உப்பில் ஊறவைத்திருப்பார்கள். சிறிய சோடியம் அயன்கள் வெளியேற, பெரிய பொற்றாசியம் அயன்கள் அந்த இடத்தில் நெருக்கியடித்துப் புகுவதால்தான் மேற்பரப்பு அவ்வளவு உறுதியாகிறது. வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் வருவதும் கண்ணாடி நாரில்தான். அந்த நாரில் ஒளி மங்குவதற்குக் கண்ணாடியிலுள்ள மாசே முக்கிய காரணம் என்று 1966இல் காட்டிய சார்ள்ஸ் காவோவுக்கு 2009இல் பௌதிக நொபெல் பரிசு கிடைத்தது.

சிர்கோனியாவுக்கு மூலமான சிர்க்கோன் என்ற கனிமம், நம்முடைய புல்மோட்டைக் கடற்கரை மணலில் இருக்கிறது. அது மணலாகவே கப்பலேறுவதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அதனால் தம்பியின் விருப்பம் எனக்கு உண்மையில் சந்தோஷம்.

நீங்கள் யோசிக்க வேண்டியது மதிப்பைப் பற்றியல்ல, காலத்தைப் பற்றி. பட்டத்துக்கு நான்கு வருடம், கலாநிதிப் பட்டத்துக்கு மேலும் நான்கைந்து வருடம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொஃப்ட்வெயர் வேலையில் கார் வாங்கியிருக்கும். அதைப் பார்த்து நீங்கள் தளரக்கூடாது. இங்கே ஹோமாகமவிலுள்ள நனோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், பல்கலைக்கழகங்கள் என்று ஆய்வு இடங்கள் கொஞ்சம்தான். வெளிநாடு போக வேண்டி வரலாம். அதற்காக வீட்டை ஈடு வைக்க வேண்டாம். அமெரிக்காவில் இத்துறைக் கலாநிதி மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதப்படியும் கொடுப்பது வழமை.

உயர்தரக் கணிதப் பிரிவில் நல்ல இஸட் புள்ளி வந்தால் மொறட்டுவைப் பொறியியல் பீடத்தில் மெற்றீரியல்ஸ் சயன்ஸ், அதாவது பீங்கான், உலோகம் போன்ற பொருட்களை ஆராயும் துறை, இருக்கிறது. வராவிட்டால் விஞ்ஞான பீடத்தில் இரசாயனமோ பௌதிகமோ படித்துவிட்டு மேற்படிப்பில் இதற்குள் வரலாம். அப்படி வந்தவர்கள் நிறையப் பேர். இப்போதே பீங்கான் மட்டும் என்று கதவை ஒடுக்க வேண்டாம். இணைந்த கணிதத்தையும் ஆங்கிலத்தையும் விடாமல் பிடிக்கட்டும்.

ஒன்றை மட்டும் தம்பியிடம் நேராகக் கேளுங்கள். தூளை அரைத்து, அழுத்தி, 1400 பாகைக்கு மேல் சூளையில் வைத்து, மறுநாள் திறந்தால் வெடித்திருக்கும். ஏன் வெடித்தது என்று குறித்துவிட்டு மறுபடி அரைக்க வேண்டும். இது அவனுக்குச் சலிப்பா, ஆவலா? பதில் அவனுக்கே தெரியாவிட்டால், விடுமுறையில் மொறட்டுவை மெற்றீரியல்ஸ் திணைக்கள ஆய்வுகூடத்தைப் பார்க்க அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பட்டும். அதை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவனே எழுதட்டும்.