வால் நட்சத்திரம் சூரியனில் புயலைக் கிளப்புமா?

கேள்வி: 2024 அக்டோபரில் வால் நட்சத்திரம் சூரியன் அருகே வந்ததும் பூமியில் காந்தப் புயல் (பூமியின் காந்தப்புலக் குலைவு) அடித்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

வால் நட்சத்திரம் புயலைக் கிளப்பாது. அக்டோபர் 9 அன்று சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தது, மறுநாள் இங்கே கடுமையான காந்தப் புயல் வந்தது, அதே நாள்களில் சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலம் எடுத்த படங்களில் சுச்சின்ஷான்–அட்லஸ் வால் நட்சத்திரமும் தெரிந்தது. மூன்றும் உண்மை. நாகர்கோவிலில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூட அந்தப் படம் சிவப்பு வட்டத்தோடு வலம் வந்தது. ஆனால் அந்த வால் நட்சத்திரம் சூரியனை மிக நெருங்கியது செப்டம்பர் 27 அன்றே. அப்போதும் இடைவெளி சுமார் 5.8 கோடி கிலோமீட்டர். அக்டோபரில் அது நமக்கும் சூரியனுக்கும் நடுவே கடந்து போனது, அவ்வளவுதான். குமரிக் கரையில் உதிக்கும் சூரியனை இரு விரலால் பிடித்திருப்பதுபோல் படம் எடுப்பார்களே, அதே கதை.

வால் நட்சத்திரத்தின் கரு பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமுள்ள பனியும் தூசியும். சூரியனின் விட்டமோ ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். தொடர்பு உண்டு, ஆனால் அது போகும் திசை வேறு. சூரியன்தான் வால் நட்சத்திரத்தை ஆட்டி வைக்கிறது.

வால் பொதுவாக இரண்டு. தூசு வால் வெளிறிய மஞ்சளாக வளைந்திருக்கும். அயனி வால், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களாலும் மூலக்கூறுகளாலும் ஆன வால், நீலமாக, சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம் நீளும். ஒளியின் அழுத்தம் மட்டும் அயனிகளை இப்படித் தள்ளப் போதாது, சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று 1951இல் ஜெர்மானிய வானியலாளர் லுட்விக் பியர்மன் வாதிட்டார். விண்கலம் எதுவும் பறக்காத காலம் அது! 1958இல் அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் அந்த வீச்சுக்குக் கணக்குப் போட்டு, சூரியக் காற்று என்று பெயரிட்டார்.

அந்தக் காற்று சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. புலக்கோடுகள் வால் நட்சத்திரத்தின் தலையில் மடிந்து பின்னால் நீள்கின்றன. அயனி வாலின் எலும்புக்கூடு அதுவே. எதிர்த் திசைப் புலம் வந்து மோதினால் கோடுகள் அறுந்து மறுபடி இணையும், வாலும் கழன்றுபோகும். 2007 ஏப்ரல் 20 அன்று என்க்கே வால் நட்சத்திரத்தின் வாலைச் சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய பிழம்பு ஒன்று அப்படியே பிய்த்துக்கொண்டு போனதை ஸ்டீரியோ விண்கலம் படம்பிடித்தது. இத்தனைக்கும் சூரியன் அடங்கிக் கிடந்த ஆண்டு அது. பிறகு புது வால் முளைத்தது.

எனக்குப் பிடித்தது லவ்ஜாய் வால் நட்சத்திரம். 2011 டிசம்பரில் சூரியப் பரப்புக்கு மேலே சுமார் 1.4 லட்சம் கிலோமீட்டர் உயரத்தில் கொரோனா எனும் சூரியனின் வெளி வளிமண்டலத்துக்குள் புகுந்து உயிரோடு வெளியே வந்தது. ஆக்சிஜன் அயனிகள் நிறைந்த அதன் வால் காந்தக் கோடுகளோடு அசைந்து நெளிந்ததை வைத்து, எந்தக் கருவியும் எட்டாத இடத்தின் காந்தப்புலத்தை ஆய்வாளர்கள் சோதித்தார்கள்.

சூரியனுக்கும் பூமியின் காந்தத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்ததில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த 1850களில், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் பிரௌன் அகத்தியமலை உச்சியிலும் காந்தக் கருவிகளை வைத்து அளந்தார். காந்தக் குலைவுகள் ஏறத்தாழ 26 நாளுக்கொருமுறை திரும்புவதைச் சூரியனின் சுழற்சியோடு இணைத்தவர் அவர். நம் பள்ளிப் பாடத்தில் ஏன் இவர் இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

அடுத்த பிரகாசமான வால் நட்சத்திரம் மாலையில் தெரிந்தால் முட்டம் பக்கம் போங்கள். மேற்கே திறந்த கடல். கரையோர வள்ளங்களின் விளக்குகளுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். அயனி வால் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் பிடிபடாது. கேமராவைத் தாங்கியில் பொருத்திச் சில நொடிகள் திறந்து வைத்தால் நீலக் கீற்று விழ வாய்ப்புண்டு.