சின்ன லேத் பட்டறையில் சஸ்டைனபிலிட்டியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோவை கணபதியில் 3 சிஎன்சி, 2 லேத் வைத்து பம்ப் பாகங்களுக்கு ஜாப் வொர்க் செய்கிறோம். சரக்கு எடுக்கும் கம்பெனி சஸ்டைனபிலிட்டி (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் நடத்துவது) படிவம் ஒன்றை நிரப்பித் தரச் சொல்கிறது. சோலார் போட வசதியில்லை. முதலில் என்ன செய்யலாம்?

பதில்:

சோலாரை இப்போதைக்கு விடுங்க. திங்கட்கிழமை காலையில் கூலன்ட் (வெட்டும் இடம் சூடேறாமல் இருக்க ஊற்றும் ஆயில்-தண்ணீர்க் கலவை) தொட்டியைத் திறந்து மோந்து பாருங்க. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்லைடு-வேக்கு, அதாவது மெஷின் பாகம் வழுக்கி நகரும் தடத்துக்குப் போடும் 68 கிரேடு ஆயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் இறங்கி, மேலே ஆடை மாதிரி படர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நிற்கும்போது அந்த ஆடைக்குக் கீழே காற்று போகாது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவுக்கு அதுதான் கொண்டாட்டம். நாற்றம் வந்ததும் தொட்டியைக் காலி செய்து புதிதாகக் கலப்பதுதான் பல பட்டறைகளில் வழக்கம். மாதக்கணக்கில் ஓட வேண்டிய கூலன்ட் சில வாரங்களில் சாக்கடைக்குப் போகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் மெஷின் நின்று அரைமணி கழித்து மேலே மிதக்கும் ஆயிலை வழித்து எடுங்க. பெல்ட் ஸ்கிம்மர் (மிதக்கும் ஆயிலைப் பட்டையில் ஒட்டவைத்து எடுக்கும் கருவி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தகட்டால் ஒதுக்கி மொண்டு எடுத்தாலும் போதும். அப்புறம் மீன்தொட்டிக்கு வைக்கும் சின்ன ஏர் பம்பைப் போட்டு ஞாயிறு முழுக்கக் குமிழி விடவைங்க. ஆயிலை எடுக்காமல் குமிழி விட்டால் அது கூலன்டோடு கலந்துவிடும், பலன் இருக்காது. டீ மிச்சத்தையும் வெற்றிலை எச்சிலையும் தொட்டியில் விடக்கூடாது என்று பசங்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்க. கிருமிக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

அடுத்தது தண்ணீர். உங்களிடம் இருப்பது போர் தண்ணீர் என்றே வைத்துக்கொள்கிறேன். சிறுவாணித் தண்ணீரை யாரும் மெஷினுக்கு ஊற்ற மாட்டார்கள். நம் ஊர் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஒவ்வொரு டாப்-அப்புக்கும் உப்பு ஏறிக்கொண்டே போய், கடைசியில் கூலன்டில் கலந்த ஆயிலே பிரிந்து பிசுக்காக மிதக்கும். ஐப்பசி மழையைப் பிடித்து வைப்பது நல்ல வழி. 1,000 சதுர அடி ஷீட் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், சேதாரம் போகவே சுமார் 800 லிட்டர் கிடைக்கும். முதல் மழையைப் பிடிக்காதீங்க, கூரைத் தூசி அத்தனையும் அதில் வரும்.

கூலன்டில் ஆயில் எத்தனை சதவீதம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்க. நீங்கள் கலக்கும் அதே தண்ணீரை விட்டு ஜீரோ வைத்து, வரும் ரீடிங்கை கூலன்ட் ஆயில் கேனில் போட்டிருக்கும் ஃபேக்டரால் பெருக்குங்க. கணக்கு இப்படி: 100 லிட்டர் தொட்டியில் 80 லிட்டர்தான் இருக்கிறது, அதுவும் 3 சதவீதத்தில், உங்களுக்கு வேண்டியது 6 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஆயில் 2.4 லிட்டர், தேவை 6 லிட்டர். ஆக 16.4 லிட்டர் தண்ணீரில் 3.6 லிட்டர் ஆயிலைக் கலந்து ஊற்றணும். எப்போதும் தண்ணீரில்தான் ஆயிலை விடணும். மாற்றிச் செய்தால் கட்டி கட்டியாகத் திரிந்து நிற்கும்.

ஈரத்தோடு சிஐ போரிங்கை (வார்ப்பிரும்புச் சீவல்) அப்படியே மூட்டை கட்டாதீங்க. ஓட்டை போட்ட டிரம்மில் ஒரு ராத்திரி வடியவிட்டால் கூலன்டும் திரும்பக் கிடைக்கும், எடைக்காரர் ஈரத்துக்கென்று கழிக்கவும் மாட்டார்.

"நொய்யலைக் கெடுத்தது சாயப்பட்டறை, நம்ம 100 லிட்டரால் என்ன ஆகும்" என்று சிலர் கேட்பார்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே பேசியது. லேத் பட்டறைச் சாக்கடையைப் பற்றி யாரும் பேசவில்லை. கூலன்ட் பால் மாதிரி கலந்தே கிடக்கும், தானாகப் பிரிந்து படியாது. படிகாரம் போட்டுப் பிரித்து மேல்தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் சரியல்ல. வழித்த ஆயிலும் கழிவுக் கூலன்டும் 2016 அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருபவை. 90 நாளுக்கு மேல் வைத்திருக்காமல், அனுமதி பெற்றவரிடம் கொடுத்து படிவம் 10 (கழிவு கைமாறியதற்கான சீட்டு) நகலை வாங்கி வைங்க.

கம்ப்ரசரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் ஓடவிடுங்க. ஒன்றரை நிமிடம் லோடில் (காற்றை அழுத்தி) ஓடி நாலரை நிமிடம் அன்லோடில் (அழுத்தாமல்) இருந்தால், அதன் மொத்தக் காற்றில் 25 சதவீதம் கசிவிலேயே போகிறது. சோப்புத் தண்ணீர் தடவி ஜாயின்ட், ஹோஸ் கிளிப், டிரெய்ன் வால்வு எல்லாம் பாருங்க. 7 பாரில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே 5 எச்பி கம்ப்ரசரின் காற்றை ஏறக்குறைய முழுசாகக் குடித்துவிடும். கசிவை அடைத்தபின் பிரஷரை 1 பார் குறைத்தால் கரண்டில் இன்னும் 6, 7 சதவீதம் மிச்சமாகும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. பசுமைப் படிவம் அனுப்பும் கம்பெனிகள் பில்லுக்கு மட்டும் மூணு மாசம், நாலு மாசம் இழுக்கின்றன. 2006 எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரணும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆர்டர் போய்விடும் என்று பயந்து யாரும் கேட்பதில்லை. ஸ்கிம்மர் வாங்கும் காசு அவர்களிடம்தான் மாட்டிக்கிடக்கிறது.

படிவத்தில் கதை எழுதாதீங்க. மாதம் எத்தனை லிட்டர் கூலன்ட் ஆயில் வாங்கினீர்கள், எத்தனை பீஸ் ஓட்டினீர்கள், எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை லிட்டர் கழிவு யாரிடம் போனது, இந்த நாலையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்க. கசிவை அடைப்பதற்கு முந்தைய மாதக் கணக்கும் அதில் இருக்கட்டும். அது இல்லாமல் எவ்வளவு குறைத்தீர்கள் என்று காட்ட முடியாது.