மணவாளக்குறிச்சி மணலும் சதுரத் தூளும்

கேள்வி: எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தை அணு எரிபொருளாக்கும்போது தூளின் வடிவம் முக்கியம் என்கிறான் பொறியியல் படிக்கும் என் மகன். பொடித்த பிறகு எல்லாம் தூள்தானே?
- ஒரு வாசகி, மண்டைக்காடு

பதில்: மகன் சொல்வது சரிதான் அம்மா. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். தோரியம் இருப்பது அதில்தான். அந்த மண்ணிலிருந்தே இப்படியொரு கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தோரியத்தைக் கரைசலிலிருந்து ஆக்சலேட் என்ற உப்பாகப் படியவைத்து, பிறகு சுட்டு ஆக்சைடாக்குவார்கள். இந்தத் தோரியம் ஆக்சைடுதான் தோரியா. ஆக்சலேட் படிவது சதுரத் தட்டைகளாக. சுட்ட பிறகும் அந்த வடிவம் மாறுவதில்லை. தண்ணீரில் வாய்த்த உருவம் தீயிலும் கூடவே வருகிறது!

பழைய வீட்டைப் பிரிக்கும்போது விழும் ஓட்டுச்சில்லுகளை ஒரு கடவத்தில் கொட்டிப் பாருங்கள். ஒன்றோடொன்று சாய்ந்து நின்று, நடுவில் பொந்து விடும். தட்டைத் தூளும் அப்படித்தான். தோரியா உருக 3,300 டிகிரிக்கு மேல் வேண்டும். எரிபொருளுக்காகத் தூளை அச்சில் அழுத்தி வில்லையாக்கிச் சுடுவதோ சுமார் 1,700 டிகிரியில். உருகாமலே அது இறுகவேண்டும். துகள்கள் தொடும் இடங்களில் அணுக்கள் நகர்ந்து, இரண்டுக்கும் நடுவே கழுத்துப் போல ஓர் இணைப்பு வளரும். இடையிலுள்ள துளை மெல்லச் சுருங்கும். இதுதான் சின்டரிங். தொடும் இடம் குறைந்தால் இணைப்பும் குறையும். துகளைவிடப் பெரிய பொந்து லேசில் மூடாது.

ஆய்வகத்தில் இருந்த நாட்களில் தட்டை அலுமினாத் (அலுமினியம் ஆக்சைடு) தூளில் வில்லை செய்தேன். உலையைத் திறந்தால் குறுக்கே பிளந்து கிடந்தது. உலைமேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அழுத்தும்போதே தட்டைகள் படுத்துவிட்டதால், உயரத்தில் ஓர் அளவும் அகலத்தில் வேறோர் அளவுமாகச் சுருங்கியிருக்கிறது.

அதனால் தோரியாவை முதலில் அரைத்துத் தட்டைகளை உடைக்கிறார்கள். பத்து லட்சத்தில் 500 பங்கு அளவு மெக்னீசியம் ஆக்சைடு சேர்ப்பதும் உண்டு. அது இறுகுவதற்குத் துணை.

அப்படியானால் உருண்டைதான் சிறந்ததா? முழுக்க அப்படிச் சொல்லமாட்டேன். உருண்டைத் தூள் அச்சுக்குள் தடையின்றி வழிந்து நிரம்பும். ஆனால் ஒன்றையொன்று கவ்விப்பிடிக்காது. சுடுவதற்கு முன்பே வில்லையின் ஓரம் உதிரக்கூடும். கோணல்மாணலான துகள் நன்றாகக் கவ்வும், ஆனால் சீராக வழியாது. யுரேனியம் ஆக்சைடிலும் இதே இழுபறிதான். நுண்மையாய் ஒட்டிக்கொள்ளும் தூளை முதலில் லேசாக அழுத்தி, குருணையாக உடைத்த பிறகே அச்சுக்கு அனுப்புவார்கள்.

அரைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த மின்னணு நுண்ணோக்கிப் படங்களைக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கும்படி மகனிடம் சொல்லுங்கள். சதுரங்கள் உடைந்திருப்பது அதில் தெளிவாகத் தெரியும்.