குப்பைமேட்டோரம் மேய்ந்த ஆட்டின் கறி: விற்கலாமா, சாப்பிடலாமா?

கேள்வி: கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் 18 வெள்ளாடு வளர்க்கிறேன். அவிழ்த்துவிட்டால் மேட்டோரம்தான் மேயும். அருகில் பழைய பேட்டரி உடைக்கும் இடமும் இருக்கிறது. "உன் ஆட்டுக்கறி விஷம்" என்கிறார்கள். பக்ரீத்துக்கு விற்கலாமா? முழுகாமல் இருக்கும் மகளுக்கு ஈரல் கொடுக்கலாமா?

பதில்: மகளுக்கு இந்த ஆட்டு ஈரல் வேண்டவே வேண்டாம். ரத்தம் ஊறட்டும் என்றுதான் கொடுக்க நினைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் குப்பையிலும் பழைய பேட்டரியிலும் இருக்கும் ஈயம் ஆட்டின் ஈரலில் சேரும். அதைச் சாப்பிட்டால் தாயின் ரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் போதும்.

கறி முழுக்க விஷமா என்று கேட்டால், எந்தப் பாகம், எவ்வளவு, யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். தொடைக்கறியில் ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் குறைவாகவே தங்கும். ஈரலிலும் குண்டிக்காயிலும் அதிகம் சேரும். ஈயம் எலும்பிலும் போய் உட்காரும். அதனால் சூப்பும் வேண்டாம். குப்பை எரியும் புகையிலிருந்து வரும் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் கொழுப்பில் தங்கும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் இவை அழியாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஈரலில் 0.5 மில்லிகிராம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிராம் சாப்பிட்டால் 50 மைக்ரோகிராம், அதாவது 0.05 மில்லிகிராம், உள்ளே போகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. 15 கிலோ குழந்தைக்கோ மூன்றுக்கும் மேல். குழந்தையின் குடல் ஈயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சவும் செய்யும். வாரம் இவ்வளவு ஈயம் தாங்கும் என்று முன்பு வைத்திருந்த அளவை, உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2010இல் விலக்கிக்கொண்டது. இதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று சொல்ல ஒரு அளவு கிடையாது.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்தப் பேட்டரி இடம்தான். ஈயத்தின் உப்பு இனிக்கும். ருசி கண்ட ஆடு தகட்டையும் மண்ணையும் நக்கிக்கொண்டே நிற்கும். பல்லை நறநறவென்று கடிப்பது, கண் தெரியாமல் சுவரில் முட்டுவது, தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்பது, இதில் எது இருந்தாலும் அந்த ஆட்டை அறுக்கக் கூடாது. உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மற்ற ஆடுகளை இன்றே கட்டிப்போடுங்கள். அகத்தி, வேம்பு, கோ-4 தீவனப்புல் போடலாம். அந்தத் தீவனம் சாக்கடைத் தண்ணீர் பாயாத இடத்தில் அறுத்ததாக இருக்க வேண்டும். நான்கைந்து ஆட்டுக்கு ரத்தம் எடுத்து ஈய அளவு பார்க்கச் சொல்லி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தத்தில் அளவு இறங்கவே மாதக்கணக்காகும். அதனால் ஒரு வாரம் நல்ல தீனி போட்டுவிட்டு சந்தைக்கு ஓட்டிப் பிரயோஜனமில்லை.

ரிப்போர்ட் வரும்வரை பக்ரீத்துக்கு முன்பணம் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த வருட வியாபாரம் போவது பெரிய அடிதான், ஆனால் குர்பானிக் கறி பல வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்காகப் போகும் கறி.