எட்டு வயதில் வரலாறு புரியுமா?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வரலாற்றுப் பாடம் என்றாலே அழுகிறாள், ஆண்டுகளும் அரசர் பெயர்களும் மனதில் நிற்கவில்லை, இந்த வயதில் இது தேவைதானா, பேசாமல் கதையாகச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. உங்கள் கேள்வியின் முதல் பாதி வருத்தத்தைத் தந்தது. கடைசி வரிக்கு வந்தபோது கொஞ்சம் கோபமே வந்தது. கோபம் உங்கள் மேல் இல்லை. "சின்னப் பிள்ளைங்களுக்கு வரலாறு எதுக்கு, எழுத்தும் கணக்கும் வந்தா போதாதா?" என்று ஆசிரியர் அறையிலேயே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள் நான். தேர்வு நெருங்கினால் கணக்குக்குத் தாரை வார்க்கப்படுவது எப்போதும் வரலாற்று வகுப்புதான்.

உங்கள் மகள் அழுவது மனப்பாடத்தை நினைத்தாக இருக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு 1492 என்பது ஒரு எண், அவ்வளவுதான். தாத்தா பிறந்த வருடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பது அவளுக்குத் தெரியாது. தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது டைனோசர் இருந்ததா என்று இந்த வயதுப் பிள்ளைகள் நிஜமாகவே கேட்பார்கள். காலத்தின் நீளம் பிடிபடாத பிள்ளையிடம் ஆண்டை ஒப்பிக்கச் சொன்னால் அழாமல் என்ன செய்யும்?

நான் என் வகுப்பில் கயிற்றிலிருந்துதான் தொடங்குவேன். பத்து மீட்டர் கயிறு போதும். தாழ்வாரத்துச் சுவரில் கட்டிவிட்டு, ஒரு மீட்டருக்கு 500 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர். ஒரு முனைதான் இன்று. எட்டு வயதுப் பிள்ளையின் மொத்த வாழ்க்கையும் அதில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, கிட்டத்தட்ட ஒரு விரலின் அகலம். அறுபது வயதுப் பாட்டி பன்னிரண்டு சென்டிமீட்டர். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து விரலை வைத்துப் பார்ப்பார்கள். "இவ்ளோதானா நானு?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், இவ்வளவுதான்.

அப்புறம் சீட்டுகளை எடுத்துக் கொடுப்பேன். எகிப்தின் பெரிய பிரமிடு கிட்டத்தட்ட 4,600 ஆண்டுப் பழசு. கயிற்றில் ஒன்பது மீட்டர் தாண்டி நடக்க வேண்டும். மொகஞ்சதாரோ செழிப்பாக இருந்ததும் ஏறக்குறைய அதே காலம், எனவே அந்தச் சீட்டும் பக்கத்திலேயே வரும். கிளியோபாட்ரா படத்தைக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் பிரமிடுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான் மாட்டுவார்கள். ஆனால் அவர் இறந்தது கி.மு. 30-இல். கயிற்றில் நாலு மீட்டருக்குச் சற்று மேல். அதாவது பிரமிடு கட்டிய காலத்தைவிட நம் காலத்துக்குத்தான் கிளியோபாட்ரா பக்கம். இதை நான் வாயால் சொல்வதில்லை. பிள்ளைகளே கயிற்றில் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் அளப்பார்கள்.

டைனோசருக்கு என்ன செய்வது என்று கட்டாயம் கேட்பார்கள். கடைசி டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு ஆகிறது. இதே கணக்கில் கயிறு 132 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்குப் பிறகு தாத்தாவையும் டைனோசரையும் யாரும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. கதையாகச் சொன்னால் போதாதா? போதாது என்றுதான் நினைக்கிறேன். கதை வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் கதை சொல்லித்தான் பாடம் நடத்துகிறேன். ஆனால் "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று சொன்னதும் குழந்தை அதைக் கொண்டுபோய் பேசும் நரிக்கும் பறக்கும் குதிரைக்கும் பக்கத்தில் வைத்துவிடும். நன்றாகக் கவனியுங்கள், கதையின் நடுவில் அவள் ஒரு கேள்வி கேட்பாள்: "இது நிஜமாவா?" நாம் "ஆமாம்மா, நிஜம்தான்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறோம். அந்த இடத்தில் நிற்க வேண்டும். "நிஜம்தான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை தொடக்கப்பள்ளி வரலாற்றில் இதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை.

இதற்கு நான் மிகவும் நம்புவது ஒன்ஃபிம் என்ற ஒரு பையனை. ரஷ்யாவின் நோவ்கோரோட் நகரில் 13-ஆம் நூற்றாண்டில் இருந்தவன். அங்கே அந்தக் காலத்தில் பூர்ச்ச மரப்பட்டையில் கூரான குச்சியால் கீறி எழுதுவார்கள். ஈரமண்ணுக்குள் காற்றுப் புகாமல் கிடந்ததால் பட்டைகள் மக்கவில்லை. 1956-இல் தோண்டியபோது இவன் எழுதியவை கிடைத்தன. ஆறேழு வயது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அகரவரிசை எழுதிப் பழகியிருக்கிறான். சலிப்புத் தட்டியதோ என்னவோ, எழுத்தை விட்டுவிட்டுப் படம் வரைந்திருக்கிறான். குதிரைமேல் ஒரு வீரன், கீழே விழுந்து கிடக்கும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். வீரனுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் ஒன்ஃபிம். இன்னொரு பட்டையில் விசித்திரமான ஒரு மிருகத்தை வரைந்து "நான் ஒரு காட்டு விலங்கு" என்று எழுதியிருக்கிறான். தானிலோ என்ற நண்பனுக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறான்.

இந்தப் படங்களைப் பெரிதாக அச்செடுத்து ஒருமுறை வகுப்பில் கொடுத்தேன். யாருடையது, எந்தக் காலத்தது, எதுவும் சொல்லவில்லை. "என்ன தெரியுது, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். முதலில் கண்ணில் பட்டது விரல்கள். ஒன்ஃபிம் வரைந்த மனிதர்களின் கைகள் மண்வாரி மாதிரி இருக்கும். ஒரு கையில் மூன்று விரல், இன்னொன்றில் அதற்கு மேல்.

"டீச்சர், இவனுக்கு எண்ணத் தெரியல" என்றான் ஒருவன்.

"தெரியும், அவசரத்துல வரைஞ்சிருப்பான். டீச்சர் வந்துட்டா திட்டுவாங்கல்ல" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

இருவருக்கும் வாக்குவாதம். நான் நடுவில் புகுந்து, "எண்ணத் தெரியும்னு நீ சொல்றதுக்கு இந்தப் பட்டையில ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்டேன். அவள் படத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "எண்ணத் தெரியுமான்னு தெரியல. ஆனா எழுத்து எல்லாம் வரிசையா எழுதியிருக்கான். அப்ப ஸ்கூல் மாதிரி எங்கேயோ போயிருக்கான்" என்றாள். பின்பெஞ்சிலிருந்து, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் கேட்டான்: "இவன்கிட்ட நிஜமாவே குதிரை இருந்துச்சா, இல்ல ஆசைப்பட்டு வரைஞ்சானா?"

நான் பல வருடமாக வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கேள்விக்கு இணையாக இன்னொன்றை என் வகுப்பில் கேட்டதில்லை. ஒரு தடயம் நடந்ததைச் சொல்கிறதா, எழுதியவன் விரும்பியதைச் சொல்கிறதா? கல்வெட்டுகளில் அரசர்களின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியைப் படிக்கும் ஆய்வாளரும் இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எட்டு வயதில் அவன் கேட்டான். "ஆசைப்பட்டு வரைஞ்சிருப்பான்" என்று பாதி வகுப்பு சொன்னது. முடிவு கிடைக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் இருந்தது கயிற்றில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் என்று காட்டியபோது, அவ்வளவு காலத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்தின் நடுவில் கிறுக்கியிருக்கிறான் என்பதே அவர்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

வரலாற்றில் குழந்தைகள் இருக்கும் இடங்களைத் தேடிப் பிடியுங்கள். சிந்துவெளியில் சுடுமண் பொம்மை வண்டிகளும் பறவை வடிவ ஊதல்களும் கிடைத்திருக்கின்றன. உத்திரமேரூரில் சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏன் சிறுவன் என்று கேட்டால் பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்: "அவன் ஏமாத்த மாட்டான்." அதோடு பாடத்தை முடித்துக்கொள்ள மனம் ஆசைப்படும். ஆனால் யாராவது ஒரு பெண் குழந்தை, "யார் வேணா பேர் போடலாமா?" என்று கேட்பாள். இல்லை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் அந்தத் தகுதி. பெண்களுக்கு இல்லை, நிலமில்லாதவர்களுக்கு இல்லை. இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று சக ஆசிரியர்கள் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். சொல்லலாம், சொல்ல வேண்டும். கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது என்ற நல்ல விதியும் அதே கல்வெட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ள எட்டு வயதால் முடியும். போர்க் கொடுமைகளை விவரமாகச் சொல்ல வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், மன்னியுங்கள். ஒன்ஃபிம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் வாசலில் வந்து நின்று, "போட்டோ எடுத்தீங்களா, பெற்றோர் குரூப்புல போடணும்" என்றார். அந்தப் பையன் குதிரையைப் பற்றிக் கேட்ட சில நிமிடத்துக்குள் இது. பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, படத்தைக் கையில் பிடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுத்து முடிப்பதற்குள் விவாதம் செத்துப்போனது. அவன் மறுபடி வாயைத் திறக்கவில்லை. இப்போதெல்லாம் எந்தச் செயல்பாடு செய்தாலும் அதற்குப் படம் வேண்டும், படம் இல்லையென்றால் அது நடக்கவே இல்லை. பெற்றோரான உங்களிடம் கேட்கிறேன்: படம் வரவில்லை என்று பள்ளியைக் கேட்காதீர்கள். மகளிடம், "இன்னைக்கு யாரோட சண்டை போட்டே, எதுக்குப் போட்டே?" என்று கேளுங்கள். வகுப்பு நடந்ததா என்பது தெரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, "சின்னக் குழந்தைகளுக்கு அருவமான காலம் புரியாது என்று உளவியல் சொல்கிறதே" என்று யாராவது வருவார்கள். குழந்தையின் சிந்தனை வயதுக்கேற்பப் படிப்படியாக வளர்கிறது என்ற உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளை வைத்து அப்படி வாதிட்டவர்கள் உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் எந்தப் பாடத்தையும் எந்த வயதுக் குழந்தைக்கும் நேர்மை கெடாமல் ஏதோ ஒரு வடிவத்தில் கற்பிக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-லேயே எழுதினார். இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில் ஐந்து வயதிலிருந்தே வரலாறு இருக்கிறது, அதுவும் உயிரோடு இருப்பவர்களின் நினைவில் உள்ள மாற்றங்களையும் சேர்த்து. நான் ஆய்வு செய்தவள் இல்லை. வகுப்பறையில் கண்டதைத்தான் சொல்கிறேன்.

ஆண்டுகளே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. தேர்வில் கேட்பார்கள், எழுதித்தான் ஆக வேண்டும். ஆண்டு கடைசியில் வரட்டும். எது முன், எது பின் என்பது முதலில் வரட்டும்.

உங்கள் வீட்டில் இடம் இருந்தால் ஐந்து மீட்டர் கயிறு கட்டினாலும் போதும், அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். முதல் சீட்டு அவளுடையது, அடுத்தது உங்களுடையது, பிறகு குடும்பத்தில் மூத்தவருடையது. அந்த மூத்தவரிடம் எட்டு வயதில் என்ன விளையாடினார், பள்ளிக்கு எப்படிப் போனார் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். அவருடைய உடன்பிறப்பு யாராவது இருந்தால் அதே கேள்வியை அவரிடமும் கேட்கட்டும். இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னால் இன்னும் நல்லது, யார் சொன்னது சரி என்று அவள் யோசிப்பாள். பாடப்புத்தகத்தில் வரும் ஒவ்வொரு அரசருக்கும் ஒரு சீட்டு எழுதி, பின்பக்கத்தில் ஆண்டைக் குறித்து, உரிய இடத்தில் அவள் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் சீட்டுகளைக் கழற்றிக் கலைத்துக் கொடுத்துத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். "நிஜமாவா?" என்று கேட்டு, உங்களுக்குப் பதில் தெரியாமல் போனால், தெரியாது என்று சொல்லிவிட்டு இருவருமாகத் தேடுங்கள்.