ஒரு பிக்சல் ஒரு டாலர்: அந்தப் பக்கம் ஏன் ஓடியது?

'மில்லியன் டாலர் ஹோம்பேஜ் எப்படி வெற்றி பெற்றது, இப்போது அப்படிச் செய்ய முடியுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

2005 ஆகஸ்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் டியூ, 21 வயது, கல்லூரிச் செலவுக்குக் காசு தேடியபோது பிடித்த யோசனை அது. ஒரே இணையப் பக்கம், பத்து லட்சம் பிக்சல் (திரையில் படத்தை உருவாக்கும் சிறு புள்ளி), ஒன்று ஒரு டாலர். வாங்குபவர் அந்த இடத்தில் தன் விளம்பரப் படத்தை வைக்கலாம், அதைச் சொடுக்கினால் அவருடைய தளம் திறக்கும். தனிப் பிக்சல் கண்ணுக்கே தெரியாது என்பதால் 10க்கு 10 கட்டமாகத்தான் விற்றார். அதாவது குறைந்தது 100 டாலர். அந்தக் கட்டமும் கடுகளவுதான், ஒரு லோகோகூட ஒழுங்காக அடங்காது.

முதலில் வாங்கியவர்கள் நண்பர்களும் வீட்டாரும். அந்தப் பணத்தில் பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பு அனுப்பினார். சூடு பிடித்தது அப்புறம்தான். என் கணிப்பில், அவர் விற்றது விளம்பர இடத்தை அல்ல, 'ஒரு மாணவன் இப்படிச் செய்கிறானாம்' என்ற கதையை. செய்தி வர வர ஆட்கள் வந்தார்கள், ஆட்கள் வர வர கட்டங்கள் விற்றன. கடைசி 1,000 பிக்சல் 2006 ஜனவரியில் ஈபே என்ற இணையச் சந்தையில் நடந்த ஏலத்தில் 38,100 டாலருக்குப் போனது. மொத்த வசூல் 10,37,100 டாலர்.

சரி, இப்போது? காப்பியடித்தவர்கள் அப்போதே ஏராளம், பெரும்பாலும் ஈயோட்டினார்கள். கதை ஒருமுறைதான் புதுசு.

டியூ பின்னாளில் 'காம்' என்ற தியானச் செயலியின் இணை நிறுவனர் ஆனார். அந்தப் பக்கத்தில் பல கட்டங்களைச் சொடுக்கினால் இன்று எதுவும் திறப்பதில்லை.