விட்டுப்போன இரண்டு இரவுகள்

கேள்வி: எனக்கு 36 வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆறு மாதமாக வாரம் நான்கு இரவு, ஐந்தைந்து மணி நேரம், கிளப்பில் போக்கர் ஆடுகிறேன். வரவு செலவை நோட்டில் எழுதி வருகிறேன் (இரண்டு மோசமான இரவுகளைச் சேர்க்கவில்லை, தூக்கமில்லாமல் ஆடியது, அது என் ஆட்டமே இல்லை). சம்பளத்தைவிட அதிகம் வருகிறது. வேலையை விட்டு இதையே தொழிலாக்கலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: அந்த இரண்டு இரவும் எவ்வளவு போயிற்று? எனக்கு எழுதும்போதுகூட அந்தத் தொகையை எழுத உங்களுக்குக் கை வரவில்லை.

அதுதான் தம்பி, உங்கள் ஆட்டம். களைப்பிலும் கோபத்திலும், விட்டதைப் பிடிக்கும் வெறியிலும் ஆடுவதற்கு ஆட்டக்காரர்களே ‘டில்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் சேர்த்ததை ஓர் இரவில் தொலைப்பது அதில்தான். நஷ்டப்பட்ட நாளின் பக்கத்தைக் கிழித்துவிட்டு லாபம் என்று காட்டும் கடைக்காரரோடு நீங்கள் கூட்டுச் சேர்வீர்களா?

போக்கரில் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். மிகச் சிலர். நடுவில் சேரும் பந்தயப் பணத்தில் கிளப் தன் பங்கை, அதாவது ‘ரேக்’கை, எடுத்துக்கொண்டே இருக்கிறது, எதிரில் இருப்பவர்களை ஜெயித்தால் போதாது, அதையும் தாண்டி ஜெயிக்க வேண்டும். ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு ஹேண்ட்; மணிக்கு 30 ஹேண்ட் என்று வைத்தாலும் நீங்கள் இதுவரை ஆடியது சுமார் 15,000. பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகையான நோ லிமிட் ஹோல்டத்தில் நூறு ஹேண்டுக்கு 80, 90 பிக் பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம், அதுதான் கணக்கின் அலகு) ஏறி இறங்குவது சாதாரணம். அப்படியென்றால் லாபமும் நஷ்டமும் இல்லாத ஆட்டக்காரருக்குக்கூட, 15,000 ஹேண்டில் 1,000 பிக் பிளைண்ட் அதிர்ஷ்டத்தாலேயே கூடும், குறையும். பத்து முறை முழுப் பணத்தோடு மேசையில் உட்காரும் தொகை அது. உங்கள் நோட்டில் இருப்பது திறமையா அதிர்ஷ்டமா என்று இப்போது உங்களாலும் சொல்ல முடியாது. அதிலும் அது பாதி நோட்டு.

இன்னொன்று. ஆடுகிற முதலும் வீட்டுப் பணமும் ஒன்றாக இருக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் இறங்குமுகமாக இருந்தால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை எதிலிருந்து எடுப்பீர்கள்? முதலிலிருந்து எடுத்தால் ஆட முதல் இருக்காது. கட்டாமல் விட்டால்... அதை நான் எழுத விரும்பவில்லை.

2003 போக்கர் உலகத் தொடரில், தகுதிச் சுற்றில் 86 டாலர் போட்டு உள்ளே வந்த ஒரு கணக்காளர் 25 லட்சம் டாலர் ஜெயித்ததை இந்தக் கேள்வி கேட்கும் எல்லாரும் எனக்கு நினைவூட்டுகிறார்கள். அந்த ஆட்டத்தில் உட்கார்ந்தவர்கள் 839 பேர்.

மனைவிக்குத் தெரியாமல் ஆறு மாதம் இரவில் வெளியே இருந்திருக்கிறீர்கள். என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்? உங்களோடு சேர்ந்து பசியைத் தாங்க வேண்டியவரிடம் கேட்காமல், முகம் தெரியாத என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஒரு குடும்பத்தின் வருமானம் ஒருவர் தனியாக வைத்து ஆடும் சீட்டல்ல.

இன்றே அந்த இரண்டு இரவின் தொகையையும் நோட்டில் எழுதுங்கள். கூட்டிப் பாருங்கள். பிறகு நோட்டை மனைவி கையில் கொடுத்து, அவர் கடைசிப் பக்கம்வரை படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். ராஜினாமாவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.